தொட்டால் சுடாத கிண்ணம்

கொளஞ்சியம்மாளுக்கு வாசனை தெரியவில்லை என்பதை முதலில் கண்டுகொண்டவள் பக்கத்து வீட்டு ராசம்மாள். கொரோனா இரண்டாம் முறை வந்த கோடையில் காய்ச்சலில் கிடந்து எழுந்தவளுக்கு நாக்கு திரும்பியது, மூக்கு திரும்பவில்லை. காபியில் மணமில்லாததைத் தூளின் குறையாக நினைத்துக் கடையை மாற்றினாள். மல்லிகையில் மணமில்லாததற்கு மாற்ற எதுவும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள். கண்ணோ காதோ போனால்தான் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். மூக்கு போனதை ஒரு குறையாகச் சொல்லிக்கொள்ள அவளுக்கே கூச்சமாக இருந்தது.

சிதம்பரம் அம்மாபேட்டையில் அவர்கள் குடியிருந்த வீட்டில் ஒரு நாள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. கேஸ் பரவிக்கொண்டிருந்த அதே சமையல்கட்டில் உட்கார்ந்து அவள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலை கேட்டு வந்த ராசம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி, சிலிண்டரைத் திருகி மூடி, ஜன்னல்களைத் திறந்தாள். பிறகுதான் பேசினாள்.

“ஏங்க்கா, இந்த நாத்தம் நாறுது, ஒனக்குத் தெரியலையா? சுச்சு கிச்சு தொட்டிருந்தீன்னா நாங்களும் சேந்துல்ல போயிருப்போம்.”

விஷயம் அன்றைக்கே கடலூருக்குப் போனது. அங்கே ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த மகள் கனிமொழி, அடுத்த விடுமுறையில் கணவன் அன்பரசோடு காரில் வந்தாள். கேஸ் அடுப்பைக் கழற்றிக் காரின் பின்னால் வைத்தாள். அந்த இடத்தில் ஒரு அரிசிக் குக்கரையும் மைக்ரோவேவ் ஓவனையும் வைத்தாள். ஓவன் அவர்கள் புதுவீடு புகுந்தபோது யாரோ பரிசாகக் கொடுத்தது. பெட்டி பிரிக்காமலே கிடந்தது. அப்பா படுத்த படுக்கையாக இருக்கிற வீட்டில் தீ வேண்டாம் என்பது கனிமொழியின் முடிவு. அதில் தவறு சொல்ல முடியாது.

எதையெல்லாம் உள்ளே வைக்கக்கூடாது என்று அவள் நின்று நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாள். எவர்சில்வர் கூடாது. ஜிகினாக் கோடு போட்ட பீங்கான் கூடாது. முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும். மூடியை இறுக்கி மூடினாலும் வெடிக்கும். உள்ளே ஒன்றுமில்லாமல் ஓட்டினால் மிஷின் போய்விடும். கொளஞ்சியம்மாள் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். பாடம் ஒப்பிப்பது போல ஒரு சொல் தவறாமல் சொன்னாள். பின்னால் யோசித்துப் பார்த்தால் அவை எல்லாமே பெட்டிக்கும் வீட்டுக்கும் வரக்கூடிய ஆபத்துகள். சாப்பிடுகிறவருக்கு வரக்கூடியது பற்றி அதில் ஒன்றும் இல்லை. அது தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று என்று கனிமொழிக்கும் தோன்றவில்லை.

ராசம்மாள் கண்ணாடி வழியே தட்டு சுற்றுவதைப் பார்த்தாள். “தீயே இல்லாம சூடு ஏறுதா? எங்க வூட்டுக்காரரு மாதிரிதான். ஒரு வேலையும் செய்யாம நாளெல்லாம் சூடா சுத்திக்கிட்டு இருப்பாரு.”

கொளஞ்சியம்மாள் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்பு அப்போது அரிதாகிவிட்டிருந்தது.

அவள் குமராட்சிப் பக்கத்து ஊர்க்காரி. எட்டாவதோடு படிப்பு நின்றது. கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தால் நட்ட பயிர் போகும், வராவிட்டாலும் போகும் என்கிற நிலத்தை நம்பாமல், கிடைத்த சத்துணவு வேலையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே தொடக்கப்பள்ளியில் ஓய்வு பெறும்வரை சமைத்தாள். அவள் சமையல் பிரமாதம் என்று யாரும் சொன்னதில்லை. அது பிரமாதமாக இருந்ததும் இல்லை. பிள்ளைகள் தட்டில் மீதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். அவள் பரிமாறிய சோற்றில் ஒரு பிள்ளைக்கும் வாய் சுட்டதில்லை. அண்டாவின் விளிம்பில் இரண்டு விரலை வைப்பாள். பிறகு கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விடுவாள். அவ்வளவில் தெரிந்துவிடும். சுடுகிற பாத்திரத்தில் சுடுகிற சோறு, ஆறின பாத்திரத்தில் ஆறின சோறு. இதை அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அலுமினியமும் பித்தளையும் எவர்சில்வரும் தினம் தினம் சொல்லிச் சொல்லி அவள் விரலுக்குத் தெரிந்தது. அது ஒருநாளும் தவறாகிப் போனதில்லை. தவறாத ஒன்றைச் சந்தேகப்பட மனிதருக்கு எந்தக் காரணமும் இருப்பதில்லை.

அவள் கணவர் சாமிக்கண்ணு, குமராட்சி மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். படிக்கட்டில் தொங்குகிறவர்களிடம், “உள்ள போங்கய்யா, உள்ள கல்யாண மண்டபம் மாதிரி எடம் கெடக்குது, நீங்க வாசல்ல நின்னு சந்தனம் குடுக்குறீங்க” என்பார். வீட்டில் அவ்வளவு பேசமாட்டார். வீட்டில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு கண்டிப்பு, எச்சில். யார் வாய் வைத்த தம்ளரையும் தொடமாட்டார். சொம்பைத் தூக்கி அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்பார், ஓடுகிற பஸ்ஸில்கூட ஒரு துளி சட்டையில் விழாது. கல்யாணமான புதிதில், சர்க்கரை போதுமா என்று பார்க்க அவர் காபியை அவள் ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்துவிட்டாள். அவர் தம்ளரைத் தள்ளி வைத்தார். அந்தக் காபி ஆறி ஆடை படிந்து மாலைவரை அங்கேயே இருந்தது. அவர் சாப்பிட்டு எழுந்த இலையில் அவள் சாப்பிடுவது மட்டும் நெடுநாள் வழக்கமாக இருந்தது. அவருடைய எச்சில் அவளுக்கு ஆகும், அவளுடையது அவருக்கு ஆகாது. அதை அவள் நியாயமா என்று கேட்டதில்லை. மறந்ததும் இல்லை.

பக்கவாதம் வந்தபோது அவருக்கு வலது கையும் காலும் பேச்சும் போயின. சொல்வது புரிந்தது, திருப்பிச் சொல்ல முடியவில்லை. கண்ணில் எப்போதும் நீர் வழிந்தது. அது அழுகை அல்ல, நரம்புத் தளர்ச்சி என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தண்ணீராகக் கொடுத்தால் புரையேறும், கெட்டியாகக் கொடுங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். அதனால் சத்துமாவுக் கஞ்சியை அரிசிக் குக்கரிலேயே களிபோலக் கிண்டி வைத்து, வேளைக்குக் கொஞ்சம் சூடு செய்து, ஸ்பூனில் ஊட்டினாள். அவர் மென்று விழுங்கி முடிக்கும் நேரம்தான் அவளுடைய நாள். அதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லை, வேறு வேலை வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

அந்தக் காலை மழைக்கால மூட்டமாக இருந்தது. ஃபிரிட்ஜில் இருந்த கஞ்சியை, ஓவனுக்கென்றே விற்கிற தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் எடுத்து உள்ளே வைத்தாள். பாதியில் கரண்ட் போய் வந்தது. எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியாததால் முதலிலிருந்து மறுபடி அமுக்கினாள். மணி அடித்ததும் எடுத்து, விளிம்பில் இரண்டு விரலை வைத்தாள். சுடவில்லை. நடுவிலிருந்து ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டாள். இளஞ்சூடு. விரல் பொய் சொல்லவில்லை. விளிம்பு நிஜமாகவே சுடாமல்தான் இருந்தது.

நடுவில் இருந்ததை முதலில் ஊட்டினாள். அவர் விழுங்கினார். பிறகு ஓரத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தபோது அவர் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். ஒரு வாரமாகவே அவர் பாதிச் சாப்பாட்டில் முகம் திருப்பிக்கொண்டிருந்தார். உடம்பு இளைத்து மோவாய் எலும்பு துருத்தியது. டாக்டரிடம் திட்டு வாங்குவதும் அவள்தான். பள்ளிக்கூடத்தில் அடம் பிடிக்கிற பிள்ளைகளுக்குச் செய்தது போல இடது கையால் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“இன்னும் ரெண்டு வாய்தாங்க. அடம் பண்ணாம வாங்கிக்குங்க.”

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கண்ணில் நீர் வழிந்தது. அது எப்போதும் வழிவதுதான். இரண்டு வாய் என்றவள் கிண்ணத்தை வழித்து முடித்தாள். அன்றைக்கு அவர் முழுதும் சாப்பிட்டுவிட்டார் என்று ராசம்மாளிடம் சந்தோஷமாகச் சொன்னாள்.

மதியம் வாய் துடைக்கத் துணியை விட்டபோதுதான் பார்த்தாள். நாக்கின் ஓரமும் கன்னத்தின் உட்புறமும் வெள்ளையாக வெந்து தோல் உரிந்திருந்தது.

செய்தி கேட்டு கனிமொழி லீவு சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்தாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். “சுடவே இல்ல சார். தொட்டுப் பாத்துட்டுதான் குடுத்தேன்” என்றாள் கொளஞ்சியம்மாள். எதில் சூடு செய்தது என்று அவர் கேட்டார். சொன்னதும் தலையாட்டினார். அந்த அடுப்பு பாத்திரத்தைச் சூடாக்காது, உணவில் இருக்கிற ஈரத்தைத்தான் நேராகச் சூடாக்கும், அதுவும் ஒரே சீராக இல்லை, ஒரு இடம் கொதிக்கும், பக்கத்து இடம் பச்சையாக இருக்கும் என்றார். பாதியில் நிறுத்திக் கிளற வேண்டும், எடுத்த பிறகும் கிளறிக் கொஞ்ச நேரம் விட வேண்டும், கிண்ணத்தைத் தொட்டு எதையும் முடிவு செய்யக்கூடாது, வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். பலருக்கும் சொல்லிப் பழகிய குரலில் சொன்னார். கோபம் இல்லை. வீட்டில் யாரும் சொல்லவில்லையா என்று மட்டும் கேட்டார். கனிமொழி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புண் ஆறிவிட்டது. வாயின் தோல் சீக்கிரம் வளரும் தோல். ஆனால் அவர் வாய் திறக்கவில்லை.

முதலில் வலியென்று நினைத்தார்கள். கனிமொழி ஸ்பூனை எடுத்துப் போனபோது திறந்தார். அவள் கடலூர் திரும்பிய பிறகு ராசம்மாள் கொண்டுபோனபோதும் திறந்தார். கொளஞ்சியம்மாள் கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்தாலே உதடுகள் ஒட்டிக்கொண்டன. அவள் இடது கை கொஞ்சம் உயர்ந்தால் கழுத்து விறைத்தது. முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குப் பழக்கம்தான். இது பயம். அவரிடம் அதை அவள் பார்த்ததே இல்லை.

“ஒன் கைதான் ஆவல போலருக்குக்கா” என்றாள் ராசம்மாள். குத்திக்காட்டத்தான் வாயெடுத்தாள், சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

இதற்குள் கொளஞ்சியம்மாளுக்கு அந்தப் பெட்டியை ஒழுங்காகக் கையாளத் தெரிந்துவிட்டது. ஆழமான கிண்ணத்தை விட்டு அகலமான கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாறினாள். சூட்டைக் குறைத்து வைத்தாள். பாதியில் நிறுத்தி ஓரத்திலிருந்து நடுவுக்குக் கிளறினாள். மேலே ஒரு தட்டை லேசாகச் சாய்த்து மூடினாள். எடுத்து வைத்துவிட்டு, தெருவில் தண்ணீர் பிடித்துவரும் நேரம்வரை காத்திருந்து, மறுபடி கிளறி, அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் தனித்தனியாக உள்ளங்கையில் விட்டுப் பார்த்தாள். எச்சிலாகும் என்று வாயில் மட்டும் வைக்கவில்லை, மற்றதெல்லாம் சரியாகச் செய்தாள். சரியாகச் செய்த கஞ்சி தினமும் சாக்கடைக்குப் போனது.

ராசம்மாளுக்கும் வீடு இருக்கிறது, மாடு இருக்கிறது. மூன்று வேளையும் வர அவளால் முடியவில்லை. வந்த வேளைக்கு மட்டும் அவர் சாப்பிட்டார். மறுபடி டாக்டரிடம் போனபோது, இப்படியே இளைத்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும் என்றார். குழாய் போட்டால் அதை வீட்டில் பார்த்துக்கொள்வது சிரமம். கனிமொழி இரண்டாம் மாடியில், மாமனார் மாமியாரோடு இருக்கிறாள். லிஃப்ட் இல்லை. ஆகவே, கடலூரில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்தில் இடம் பேசினாள். போனில் அம்மாவிடம் அதைச் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

“ஒன்ன கொற சொல்லலம்மா. ஒங்கையால சாப்புட்டாருன்னா நான் ஏன் கூட்டிக்கிட்டுப் போறேன்? ஞாயித்துக்கெழமை அவுரு கார் எடுத்துக்கிட்டு வராரு.”

“நான் எங்கடி இருப்பேன்?”

“நீ வாரத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ.”

நல்ல பெண்தான். வேறு வழியும் அவளிடம் இல்லை. ஆனால் அந்தக் கடைசிச் சொல்லில் கொளஞ்சியம்மாளின் மிச்ச வாழ்க்கை மொத்தமும் இருந்தது. அது எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதை இரண்டு பேருமே உணர்ந்திருக்க வேண்டும், உடனே போனை வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் வந்தது. அன்பரசு தெருவிலேயே நின்றுகொண்டான். கனிமொழி பீரோவைத் திறந்து அப்பாவின் கைலிகளையும் துண்டுகளையும் மாத்திரைப் பையையும் எடுத்துக் கட்டினாள். கொளஞ்சியம்மாள் அதைப் பார்க்காதவள் போலச் சமையல்கட்டுக்குப் போய்க் கஞ்சியைச் சூடு செய்தாள். நிறுத்தினாள், கிளறினாள், மறுபடி வைத்தாள், எடுத்தாள், காத்திருந்தாள். பிறகு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

சாமிக்கண்ணு வாயை மூடிக்கொண்டார்.

அவள் இடது கையைப் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வலது கையால் ஒரு ஸ்பூன் எடுத்து, அவர் பார்க்கும்படி உயர்த்தித் தன் வாயில் வைத்தாள். மூக்கில்லாத நாக்குக்கு ஏலமும் இல்லை, பயறும் இல்லை, வெறும் சூடு மட்டும் தெரிந்தது. விழுங்கினாள். அதே ஸ்பூனால், எடுத்த இடத்துக்குப் பக்கத்திலிருந்தே இன்னொன்று எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.

“யம்மா, அது எச்சில்மா. அப்பாவுக்கு ஆவாது” என்றாள் கனிமொழி, கையில் கைலியோடு.

“தெரியும்டி. எனக்குத் தெரியாததா.”

அவர் ஸ்பூனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தெருவில் அன்பரசு யாரிடமோ போனில் பேசுகிற சத்தம் கேட்டது. அவள் ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை. கை கடுக்க ஆரம்பித்தபோது முழங்கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டாள்.

உதடுகள் பிரிந்தன. உள்ளே வாங்கிக்கொண்டார். அப்போது மட்டும் கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆறிப்போன அந்தப் பழைய காபி அவளுக்கு ஞாபகம் வந்தது. ஜெயித்தது போல இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

ஒரு வாயோடு நம்பிக்கை வந்துவிடும் என்று நினைத்து இரண்டாவது ஸ்பூனை நேராக நீட்டினாள். வாய் மூடிக்கொண்டது. அவள் முதலில் சாப்பிட்டாள். அவர் பிறகு சாப்பிட்டார். மூன்றாவதும் அப்படித்தான். நான்காவதும். இதற்கு அன்பு என்று பெயர் வைப்பது சுலபம். ஒருவர் இன்னொருவருக்காகச் சோதித்துக் காட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் அங்கே நடந்தது. இருவருக்கும் அது புரிந்திருந்தது.

கனிமொழி கைலியை மடியில் வைத்துக்கொண்டு பாதிப் பாத்திரம் காலியாகும்வரை பார்த்தாள். பிறகு எழுந்து, கட்டியதை அவிழ்த்து, பீரோவில் பழையபடி அடுக்கினாள்.

“எத்தினி நாளைக்கும்மா இப்புடி?”

“ஒனக்கு நேரமாவுது. மாப்ளய வெயில்ல நிக்க வைக்காத, கெளம்பு.”

கார் போய்விட்டது. கஞ்சி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்தது, இரண்டு பேர் சாப்பிட்டதால். நாளையிலிருந்து கூடக் கொஞ்சம் கிண்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அடியில் ஒட்டியிருந்ததைச் சேர்த்து வழித்தாள். இரண்டு வாய்க்குத் தேறியது. ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டாள். சாமிக்கண்ணு இப்போது சுவரைப் பார்க்கவில்லை, ஸ்பூனையும் பார்க்கவில்லை. அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை ஏறி இறங்கி அடங்கும்வரை காத்திருந்து, பிறகு வாயைத் திறந்தார்.